காப்பிப் பூவும் ஃபோகஸ் ஸ்டாக்கிங்கும்: கையா, மோட்டாரா?

ஃபோகஸை அடுத்தடுத்த ஆழங்களில் வைத்துப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை ஒரே படமாகச் சேர்ப்பதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங். பூக்களை அப்படி எடுக்கும்போது ஃபோகஸைக் கையால் நகர்த்துவதா, கேமராவிடம் விடுவதா என்று கேட்டால், காற்றைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பேன்.

ஏற்காட்டில் மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், பத்து நாளுக்குள் காப்பிச் செடிகள் கிளை நெடுக வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் வாடிவிடும். சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணனும் நானும் அந்தச் சமயத்தில் ஒரு தோட்டத்தில் எடுத்தோம். அவரிடம் ரிங்கைக் கையால் திருப்பி ஃபோகஸ் செய்யும் பழைய மேக்ரோ (நெருக்கப் படம் எடுக்கும்) லென்ஸ். என்னுடையது ஃபோகஸ் பிராக்கெட்டிங் (ஃபோகஸைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தொடராகப் படமெடுக்கும் வசதி) உள்ள மிரர்லெஸ் கேமரா.

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 1:1 அளவில், அதாவது பூ சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்படி எடுக்கும்போது, லென்ஸின் துளையை எஃப்/8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. தான். துளையை இன்னும் சிறிதாக்கி எஃப்/22 வரை மூடலாமே என்றால், அந்த நெருக்கத்தில் அது எஃப்/45 போல வேலை செய்து படம் முழுக்க மழுங்கிவிடும். காப்பிப் பூவில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) இதழ்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியிலிருந்து இதழ் வரை ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிய 15 படமாவது வேண்டும்.

"ரிங்கைத் தொட்டாலே ஃப்ரேம் ஆடுது தம்பி. நான் பாதியிலே நிக்கறேன், அதுக்குள்ள காத்து வந்துருது" என்றார் அண்ணன். என் கேமராவின் மோட்டார் ஃபோகஸை ஒரே அளவான சிறு நகர்வுகளில் நகர்த்தி சில நொடிகளில் முடித்துவிட்டது. கையால் திருப்பும்போது ஒரு நகர்வு பெரிதாகிவிட்டால் இதழின் நடுவே மங்கலான பட்டை விழும். படங்களைச் சேர்க்கும் ஹெலிகான், ஜெரீன் போன்ற எந்த மென்பொருளாலும் தெளிவாக எடுக்காத பகுதியைக் கொண்டுவர முடியாது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிராக்கெட்டிங் வேறு, ஒவ்வொரு படத்துக்கும் ஆட்டோஃபோகஸ் அழுத்துவது வேறு. வெள்ளை இதழில் கான்ட்ராஸ்ட் குறைவு, லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் தொடக்கப் புள்ளியை மட்டும் லைவ் வியூவைப் பெரிதாக்கி என் கண்ணாலேயே வைக்கிறேன். பெரும்பாலான கேமராக்கள் அருகிலிருந்து தொலைவுக்கு நகர்பவை. எனவே சூல்முடி நுனிக்கு ஒரு துளி முன்னாலேயே தொடங்குவது பாதுகாப்பு.

பிறகு காற்றுப் புகாத ஒரு மூலையில் தொட்டி ஆர்க்கிட் எடுத்தோம். அங்கே அண்ணன் படம்தான் அழகு. உதட்டிதழும் நடுத்தண்டும் தெளிந்ததும் நிறுத்திவிட்டார், பின்னிதழ்கள் கரைந்து நின்றன. எத்தனை படம் என்று நான் முன்கூட்டியே எண்ணிக்கை கொடுத்திருந்ததால் என் கேமரா பின்னிதழின் நரம்பு வரை போய்விட்டது. தொடரில் பின்பக்கப் படங்களை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாம், சேர்த்தேன். ஆனால் எங்கே நிறுத்துவது என்று பூவைப் பார்த்துக்கொண்டே முடிவெடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. காற்றில்லாத இடங்களில் இப்போது நானும் ரிங்கைத்தான் திருப்புகிறேன்.