மெனிஸ்கஸ் அறுவைக்குப் பின் முழங்காலுக்கு ஓய்வு நல்லதா?

கேள்வி:
வலது முழங்காலின் உட்புற மெனிஸ்கஸ் (மூட்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் சவ்வு) கிழிந்ததால், ஐந்து மாதங்களுக்கு முன் சிறு துளை வழியே செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி முறையில் கிழிந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். வலி ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் சவ்வு குறைந்த மூட்டு விரைவில் தேய்ந்துவிடும் என்று பலரும் சொல்வதால், படியேறுவதைக்கூடத் தவிர்த்து வருகிறேன். இப்படி ஓய்வு கொடுத்தால் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு காக்கப்படுமா? மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரையால் பயன் உண்டா?

பதில் 1:
உங்கள் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மெனிஸ்கஸ் முழுவதையும் அகற்றியவர்களின் எக்ஸ்ரே படங்களில் மூட்டு இடைவெளி குறுகுவதை ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். இன்று இயன்றவரை குறைவாக வெட்டுவதும், முடிந்தால் தைத்துவிடுவதும் அதனால்தான். எனினும் ஓய்வு இதற்கு மருந்தாகாது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. காலை ஊன்றும்போது அழுந்தியும் எடுக்கும்போது விரிந்தும், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல, அது மூட்டுத் திரவத்திலிருந்தே ஊட்டம் பெறுகிறது. நடமாட்டத்தை நிறுத்தினால் அந்த ஊட்டமும் குறையும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அளவு தெரியாமல் நடந்தாலும் கேடுதான். குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை என்பதால், வலியை மட்டும் நம்பாமல் வீக்கத்தையும் கவனியுங்கள். இன்று செய்த பயிற்சியால் மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியோ விறைத்தோ இருந்தால், அது அளவு மீறிய பயிற்சி. மூட்டில் நீர் கோத்தால் முன்தொடைத் தசை சரிவர இயங்காது. அத்தசை மெலிந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் சுமை மூட்டின்மீது விழும். எனவே சைக்கிள் மிதிப்பது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது ஆகியவற்றில் தொடங்கி, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வேகத்தில் கூட்டிச் செல்லுங்கள். கிழிந்த மெனிஸ்கஸை வெட்டாமல் தைத்துக்கொண்டவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஆழமாக மடக்குவதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

பதில் 3:
மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களின் வலியை ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது, குளுக்கோசமைன் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டதாக இல்லை. உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதே மேல். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று நாடாவால் அளந்து பார்த்தேன். வலது தொடை இடதைவிட 2 செ.மீ. மெலிந்திருக்கிறது. நாளை முதல் படியேறப் போகிறேன்.