மடிவாய், குமிழ்வாய்: பிரேக் குழாய் முனைக்கு என்ன சொல்?

ஐயா, வணக்கம். கலைச்சொல் பட்டியலுக்கு, காரின் பிரேக் எண்ணெய்க் குழாயின் முனையை விரிப்பதைக் (ஆங்கிலத்தில் flare) குறிக்க இந்தச் சொற்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன:

> பிளேர் = சுடர்வு
> டபிள் பிளேர் = இரட்டைச் சுடர்வு

இவ்விரண்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நெருப்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நட்டை இறுக்கும்போது எதிரே உள்ள இடத்தில் கசியாமல் ஒட்டி உட்காரும்படி குழாயின் வாயை விரிக்கிற வேலை இது.

இதற்கே அக்கா ஒருவர் எழுதிய 'அணசு' (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்ப்பகுதி) எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நாதஸ்வரத்தில் அணசு தனியாகச் செய்து பொருத்துவது. இங்கே குழாயே தன் வாயை விரிக்கிறது. அதனால் பொதுச்சொல்லாக 'விரிவாய்' போதும். ஏசி மெக்கானிக் செப்புக் குழாயில் போடும் ஒற்றை விரிப்பு அதுதான்.

பிரேக்குக்கு அந்த ஒற்றை விரிப்பு ஆகாது. 'இரட்டை' என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. ரொறன்ரோவில் பனிக்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு, காருக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாயை அரித்துவிடும். வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் பலர். என் மைத்துனருக்கு தொலைபேசியில் "இரட்டையாக விரியுங்கோ" என்றேன். அவர் ஒரே முனையைக் கூம்பால் இரண்டு தரம் அழுத்த, விளிம்பு வெடித்துவிட்டது. பிழை என் சொல்லில்தான்.

உண்மையில் நடப்பது மடிப்பு. நட்டை முதலில் குழாயில் கோத்து, முனையை நேராக அராவி, பிசிறு எடுத்து, கருவியோடு வரும் சிறு அச்சின் விளிம்பில் உள்ள படியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு வெளியே நீட்டி, கருவியில் இறுக்க வேண்டும். அச்சைக் குழாய் வாயில் செருகி அழுத்தினால் விளிம்பு உள்நோக்கி வளையும். அச்சை எடுத்துவிட்டுக் கூம்பை இறக்கினால், வளைந்த விளிம்பு உள்ளே படிந்து இரண்டு அடுக்காகும். கோணம் 45 பாகை. துணியின் ஓரத்தை மடித்துத் தைப்பதைப் போல. ஆகவே டபிள் பிளேருக்கு 'மடிவாய்'.

ஐரோப்பியக் கார்களில் அதிகம் வருவது வெளியே புடைத்து நிற்கும் முனை. அதற்குக் 'குமிழ்வாய்'. இரண்டையும் கண்ணால் பிரித்தறியலாம்: முனை போய் உட்காரும் இடத்தில், மடிவாய்க்கு எதிரே மேடு இருக்கும், குமிழ்வாய்க்கு எதிரே பள்ளம்.

கருவியை 'குழாய்வாய்க் கருவி' என்றே எழுதலாம். வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: சட்டத்தில் இறுக்கித் திருகும் மலிவான வகையில் 3/16 அங்குல (4.75 மி.மீ.) இரும்புக் குழாய் வழுக்கி, வாய் கோணலாகிவிடும். செம்பு-நிக்கல் குழாய் மென்மையானது, துருவும் பிடிக்காது. அதில் ஓரளவு சமாளிக்கலாம். வைஸில் (மேசையில் பொருத்திய பிடிகருவியில்) பிடிக்கும் வகையில் வாய் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், ஆனால் காருக்கு அடியில் கொண்டுபோக முடியாது. பொருத்திய குழாயில் அங்கேயே வாய் போடக் கையடக்க ஐட்ரோலிக் வகைதான் வேண்டும். எதை வாங்கினாலும் மடிவாய் அச்சா, குமிழ்வாய் அச்சா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக நட்டு. யப்பானியக் கார்களில் மடிவாய்க்கும், ஐரோப்பியக் கார்களில் குமிழ்வாய்க்கும் எம்10×1 மரையே (10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடைவெளி) பரவலாக வருகிறது. மரை ஏறிவிட்டது என்பதற்காக வாய் பொருந்திவிட்டது என்று ஆகாது. வெறும் 'விரிவாய் நட்டு' என்று எழுதாமல் 'மடிவாய் நட்டு', 'குமிழ்வாய் நட்டு' என்று தனித்தனியாகப் பதியலாமா?