78 வயது, 12 வகை மாத்திரை: எதை நிறுத்தலாம், யாரிடம் கேட்பது?

நீர்முள்ளி (கேள்வி)

அப்பாவுக்கு வயது 78. நிமோனியாவுக்குச் சிகிச்சை முடிந்து போன வாரம் டிஸ்சார்ஜ் ஆனார். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவை: பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கிளைமெபிரைடு 2, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10, இதயத்துக்கு முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் 75, கால் வீக்கத்துக்கு ஃப்யூரோசமைடு 40, தலைசுற்றலுக்கு சின்னரிசின் 25, தூக்கத்துக்கு குளோனசெபாம் 0.5. ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்த்தவை: வயிற்று அமிலத்துக்கு பான்டோப்ரசோல் 40, இருமலுக்கு மான்டெலுகாஸ்ட்-லெவோசெட்டிரிசின், பிரஷருக்கு இன்னொரு மாத்திரை (அட்டையில் டெல்மிசார்டன் 40 + அம்லோடிபின் 5 என்று இருக்கிறது). முட்டி வலித்தால் இடையிடையே டைக்ளோஃபெனாக்கும் போட்டுக்கொள்வார்.

மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் எதுவும் கிடையாது. இப்போது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, பகலெல்லாம் தூங்கி வழிகிறார், பசி இல்லை, கால் வீக்கமும் குறையவில்லை. "இந்த வயதில் எதிலும் கை வைக்காதே" என்கிறார்கள் சிலர். "பாதியைத் தூக்கிப் போடு" என்கிறார்கள் வேறு சிலர். எங்கே தொடங்குவது?

கல்வம் (மருந்தாளுநர்)

தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஓர் அவசரம். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த "இன்னொரு பிரஷர் மாத்திரை"யில் இருப்பது பழைய இரண்டு மாத்திரைகளேதான். மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டால் டெல்மிசார்டன் 80, அம்லோடிபின் 10 ஆகிவிடும். பழைய இரண்டுக்குப் பதிலாகத்தான் கூட்டு மாத்திரை எழுதினார்களா, இல்லை வேண்டுமென்றே டோஸைக் கூட்டினார்களா என்று இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். தலைசுற்றலோடு இருப்பவரை அடுத்த ரிவ்யூ வரை இப்படியே விட முடியாது.

டிஸ்சார்ஜ் சமயத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கும் பிராண்டு வேறு, வீட்டில் இருக்கும் பிராண்டு வேறு. பெயர் மாறியதும் புது மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுவிடுகிறார்கள். அட்டையில் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். அதன் கீழேயோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) மில்லிகிராமையும் படியுங்கள். மாத்திரையை எடுக்கும்போது அந்த வரி இருக்கும் ஓரத்தைக் கடைசி வரை கிழிக்காமல் வையுங்கள். பெயர் போன அட்டையை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது.

அடுத்து, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே பையில் போடுங்கள். டைக்ளோஃபெனாக், சொட்டு மருந்து, தைலம், சத்து மாத்திரை, மூலிகைப் பொடி எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு ஒரு தாளில் மூலப்பெயர், டோஸ், வேளை, எதற்காக, யார் தொடங்கியது, எப்போதிலிருந்து, எதுவரை என்று எழுதுங்கள். "எதற்காக", "எதுவரை" இரண்டும் காலியாக இருக்கும் வரிகளைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெல்மிசார்டன், ஃப்யூரோசமைடு, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனை அடி. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் பாதையைச் சுருக்குகிறது. டெல்மிசார்டன் வெளியேறும் பாதையைத் தளர்த்தி உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது. ஃப்யூரோசமைடு உடம்பின் நீரையே குறைக்கிறது. பசியில்லாமல் நீரும் சரியாகக் குடிக்காத நாளில் கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏற இதுவே போதும். ஆஸ்பிரினோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. முட்டிக்கு மேலே தடவும் ஜெல்லோ, அளவான பாராசிட்டமாலோ போதுமா என்று கேளுங்கள்.

புங்கநிழல் (முதியோர் மருத்துவம்)

கல்வம் சொன்னதை முதலில் முடியுங்கள். அதற்குப் பிறகு நான் இந்தப் பட்டியலைப் பார்க்கும் வரிசை இது. எல்லாம் உங்கள் மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியவை. ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான். நான்கை ஒன்றாக நிறுத்தினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

முதல் சந்தேகம் கிளைமெபிரைடு. பசி குறைந்தவர் இதைப் போட்டுக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டால் சர்க்கரை தாழும். முதியவர்களிடம் அது நடுக்கமும் வியர்வையுமாகத்தான் வரும் என்றில்லை. தூக்கமாகவும் குழப்பமாகவும் விழுவதாகவும் தெரியும், "வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தூங்கி வழியும் நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், விழிப்போடு விழுங்க முடிகிற நிலையில் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்க முடியாத அளவு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே அவசரப் பிரிவு. நிமோனியாவுக்கு லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழும் வாய்ப்பு இன்னும் கூடும். பல நோய்கள் சேர்ந்திருக்கும் முதியவருக்கு எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 8க்குக் கீழே இருந்தாலே போதும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல். 6.5க்கு இழுத்துப் பிடிப்பதில் அவருக்கு லாபம் குறைவு, ஆபத்து அதிகம்.

இரண்டாவது, அம்லோடிபினும் ஃப்யூரோசமைடும். கால் வீக்கம் அம்லோடிபினாலேயே வரலாம். டோஸ் கூடக் கூட வீக்கமும் கூடும், இப்போது தெரியாமல் 10 போய்க்கொண்டிருக்கலாம். உடம்பில் நீர் கூடியதால் வரும் வீக்கமல்ல அது. சிறு ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் திசுவுக்குள் கசிவதால் வருவது. அதனால் ஃப்யூரோசமைடு அதை வற்ற வைக்காது. மாறாக பொட்டாசியத்தையும் சோடியத்தையும் குறைத்து, நின்றால் தலைசுற்ற வைக்கும். தலைசுற்றலுக்கு சின்னரிசின் வரும். சின்னரிசினை நெடுநாள் போட்டால் கைநடுக்கமும் நடை தளர்வும் பார்க்கின்சன் போலவே வரும். அடுத்து யாராவது அதற்கும் ஒரு மாத்திரை எழுதுவார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக எண்ணி இன்னொரு மருந்து கொடுக்கும் இந்தச் சங்கிலியை ரோஷான், குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990களிலேயே விவரித்துவிட்டார்கள்.

சங்கிலியை முதல் கண்ணியில் வெட்ட வேண்டும். அதற்கு முன் கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், ஈரல் காரணமில்லை என்று எக்கோ (இதய ஸ்கேன்), சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் பார்த்து உறுதி செய்வார்கள். ஃப்யூரோசமைடை நிறுத்தினால் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பார்க்கவும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ படுத்தால் மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது குளோனசெபாம். இதன் அரை ஆயுள் 30 முதல் 40 மணி நேரம், அதாவது நேற்றிரவு போட்டதில் பாதிக்கு மேல் இன்று மாலையும் உடம்பில் இருக்கும். பகல் தூக்கத்துக்கு லெவோசெட்டிரிசினும் கை கொடுக்கிறது, சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாக. இருமல் நின்றிருந்தால் அந்த மான்டெலுகாஸ்ட் கூட்டு மாத்திரையைத் தொடரக் காரணம் என்ன என்று கேளுங்கள். ஆனால் குளோனசெபாமைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்து, கடைசிக் கட்டத்தில் இன்னும் மெதுவாக இறங்குவதுதான் வழக்கம். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று இரவு தூக்கம் கெடும். அதைப் பார்த்துப் பயந்து பழைய டோஸுக்குத் திரும்புவதுதான் பலருக்கு முயற்சி முறிகிற இடம். இறங்கிய படியிலேயே இன்னொரு வாரம் நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மணல்கடிகை

புங்கநிழல் சொன்ன வரிசை எனக்குச் சம்மதம்தான். ஆனால் மருந்துக் குறைப்பு என்ற பேச்சு பரவியதிலிருந்து எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டியல் நீளமாக இருப்பதே நோய் என்று எண்ணி, தேவையானதைக் குடும்பத்தார் நிறுத்திவிடுகிறார்கள். இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காக: மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பான், குளோனிடின், வலிப்பு மருந்து, பார்க்கின்சன் மருந்து, சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டு, ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுக்கும் ரத்தத் தட்டணுத் தடுப்பு மருந்து, இதயத்துடிப்புக் கோளாறுக்கான ரத்த உறைவுத் தடுப்பு மருந்து ஆகியவற்றை வீட்டில் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென விட்டால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது, ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

இங்கே விவாதத்துக்குரியவை ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மாரடைப்போ பக்கவாதமோ வராதவருக்கு முன்னெச்சரிக்கையாகத் தரும் ஆஸ்பிரின் பற்றி 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு தெளிவாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 பேரிடம் நடந்தது. ஆஸ்பிரின் இதய நோயைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை, பெரிய ரத்தக்கசிவு 38% கூடியது. முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளைப் பட்டியலிடும் பீர்ஸ் நெறிகளின் 2023 பதிப்பு, இப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு நிறுத்தலாமா என்று யோசியுங்கள் என்கிறது. ஸ்டென்ட் இருந்தால் இதில் ஒரு சொல்லும் பொருந்தாது.

ஸ்டாட்டின் விஷயம் வேறு. நீரிழிவு உள்ளவர், தசைவலி இல்லை, நடமாட்டம் இருக்கிறது என்றால் நான் அவசரப்படமாட்டேன். 2015இல் வந்த ஓர் ஆய்வில் ஸ்டாட்டினை நிறுத்தியது பாதுகாப்பாக இருந்தது உண்மை. ஆனால் அதில் இருந்தவர்கள் ஓராண்டுக்குள் இறப்பு எதிர்பார்க்கப்பட்ட நோயாளிகள். அதை எடுத்து எல்லா 78 வயதுக்காரருக்கும் பொருத்துவது தவறு.

பான்டோப்ரசோல் ஆஸ்பத்திரியில் பழக்கத்தால் சேர்ந்திருக்கலாம். ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் ஓடும்வரை அதை எடுக்காதீர்கள். அவை நின்ற பிறகு 40லிருந்து 20, இரண்டு நான்கு வாரம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். நெடுநாள் சாப்பிட்டவருக்கு நிறுத்தியதும் சில வாரம் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். நெஞ்செரிச்சல் திரும்பிவிட்டது என்று மறுபடி ஆயுள் முழுக்கத் தொடங்கிவிட வேண்டாம். அந்த நாட்களில் அமிலமுறி மருந்து போதும்.

நீர்முள்ளி

போன் செய்தேன். பழைய டெல்மிசார்டனையும் அம்லோடிபினையும் நிறுத்தச் சொன்னார்கள், கூட்டு மாத்திரை மட்டும் போதுமாம். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், நெஞ்சு நோய்க்கு ஒருவர் என மூன்று மருத்துவர்கள். யாரைக் கேட்டாலும் "அது அவர் எழுதியது" என்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் இவ்வளவும் எப்படிப் பேசுவது?

வார்டுவிளக்கு (செவிலியர்)

நல்ல வேளை, உடனே கேட்டீர்கள். நீங்கள் சொல்வது உங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. மருந்தைத் தொடங்குபவருக்குப் பெயர் இருக்கிறது, நிறுத்த வேண்டியவருக்குப் பெயர் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துப் பாதுகாப்புக்காகத் தொடங்கிய முயற்சியில் முன்னுரிமை தந்த மூன்றில் இரண்டு, பல மருந்துகள் ஒன்றாகச் சாப்பிடுவதும் நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் கட்டமும்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் "புதியது, மாற்றியது, நிறுத்தியது" என்று மூன்று பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். "நிறுத்தியது" என்ற பகுதி இல்லாமல் வெறும் பட்டியலாகக் கொடுப்பதால்தான் வீட்டில் இரட்டை டோஸ் போகிறது. கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

மூவரில் ஒருவரையோ, முடிந்தால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பொது மருத்துவரையோ முழுப் பட்டியலுக்கும் பொறுப்பாக ஏற்கும்படி வெளிப்படையாகக் கேளுங்கள். "மருந்துகளை மட்டும் பார்க்க வந்திருக்கிறோம்" என்று சொல்லித் தனியாக அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். இருமலையும் முட்டிவலியையும் அதே நேரத்தில் கொண்டுபோனால் அந்த ஐந்து நிமிடமும் அதற்கே போய்விடும்.

கையில் மூன்று பொருள் போதும். கல்வம் சொன்ன தாள், ஒரு வாரத்துச் சர்க்கரை அளவு, நின்ற நிலை பிரஷர். கடைசியை இப்படி எடுங்கள்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதைச் சிவப்பில் எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். உட்கார்ந்து எடுத்த 130ஐ மட்டும் பார்த்து "பிரஷர் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள், நின்றால் 102 என்பது அப்போதுதான் தெரியும்.

"எதையாவது குறைக்க முடியுமா" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாம் தேவைதான்" என்றுதான் பதில் வரும். "ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்கு? ஸ்டென்ட் இல்லாதவருக்கு ரத்தக்கசிவு அபாயத்தைவிட லாபம் அதிகமா?" என்று மருந்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதலில் கிளைமெபிரைடு, இல்லையென்றால் ஃப்யூரோசமைடு, ஒரே ஒரு மாற்றத்தோடு வெளியே வந்தாலும் அந்தச் சந்திப்பு வெற்றிதான்.

அப்பாவையும் பேச்சில் சேருங்கள். கனடாவில் 2014இல் வெளிவந்த எம்பவர் ஆய்வில், 65 வயதைத் தாண்டிய, தூக்க மாத்திரை வகை மருந்து சாப்பிட்டு வந்தவர்களுக்கு அதன் ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு கையேட்டைத்தான் நேரடியாக அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் 27% பேர் முழுதாக விட்டார்கள், கையேடு கிடைக்காதவர்களில் 5% பேர்தான். அவருக்குத் தெரியாமல் குறைத்தால், தூக்கம் கெட்ட முதல் இரவே பழைய அட்டையைத் தேடி எடுத்துவிடுவார்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தாளில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது, என்ன நடந்தால் பழையபடி தொடங்குவது, எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது. டெல்மிசார்டன், ஃப்யூரோசமைடு டோஸ் மாறினால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்வார்கள், அந்தத் தேதியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்திய மருந்தின் அட்டைகளை அன்றாட டப்பாவிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்தகத்தில் மறுபடி வாங்கிவிடாமலிருக்க, அந்தச் சீட்டின் மேல் குறுக்காகக் கோடு போட்டு நிறுத்திய தேதியை எழுதிவிடுங்கள்.