கலைச்சொல் தேவை: முதல் தண்டனை முடிந்தபின் தொடங்கும் தண்டனை

தருமபுரியிலிருந்து:

வணக்கம். ஒரு தீர்ப்பைத் தமிழாக்கும்போது மாட்டிக்கொண்டேன். குழுவினர் கை கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே தண்டனை அனுபவித்து வரும் ஒருவர், சிறைக்குள் நடந்த சோதனையில் பீடிக்கட்டுக்குள் கஞ்சா வைத்திருந்து பிடிபட்டார். சிறு அளவுதான். போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை சிறு அளவு. அதற்குத் தண்டனை ஓராண்டு வரை போகலாம். இவருக்கு 6 மாதம். அந்த 6 மாதம் ‘கன்செக்யூட்டிவ்’, அதாவது பழையது முடிந்தபின் தொடங்குவது, என்கிறது தீர்ப்பு. அங்கேதான் என் விசைப்பலகை நின்றது.

எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதற்கு, சொல்லுக்குப் பஞ்சமில்லை. “தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்” என்று தினசரிகள் எழுதி எழுதி டீக்கடை பெஞ்சுவரை அது வந்து சேர்ந்துவிட்டது. வடசொல் என்று யாராவது முகம் சுளிக்கலாம். புழங்குகிற சொல், விட்டுவிடுவோம். ஏககாலம் இல்லாவிட்டால் என்ன? ‘தனித்தனியாக’, ‘ஒன்றன்பின் ஒன்றாக’, ‘அடுத்தடுத்து’ என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம். நானே ஒரே தீர்ப்பில் மூன்றையும் எழுதியிருக்கிறேன்.

அந்தக் கைதியின் அம்மா பாலக்கோட்டுப் பக்கம். மஞ்சள் பையில் பழைய தீர்ப்பு நகல், மடிப்புகளில் நைந்து கிழியப் பார்க்கிறது. “சாமி, இந்த ஆறு மாசம் அதுக்குள்ளயே அடங்கிடுமா, அதுக்கு மேலயா?” என்றார். நான் அரைநாள் அகராதி புரட்டிய வித்தியாசத்தை ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். (‘ஜெயில்ல களி திங்கறான்’ என்று வேறு ஊரில் சொன்னால் வசவு. எங்கள் ஊரில் களி தினப்படிச் சாப்பாடு என்பதால் அவ்வளவாக உறைக்காது. அந்த அம்மாவுக்கு மகன் வீட்டுக் களிக்கு எப்போது வருவான் என்பதுதான் கேள்வி.)

அவர் வாயிலிருந்தே சொல் கிடைத்துவிட்டது என்று ‘உள்ளடங்கு தண்டனை’, ‘மேல் தண்டனை’ என எழுதிப் பார்த்தேன். ராத்திரியே ஓட்டை தெரிந்துவிட்டது. பழைய தண்டனையில் 4 மாதம்தான் பாக்கி, புதியது 6 மாதம், ஏககாலம் என்றால் 2 மாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே! எங்கே உள்ளடங்கியது? ‘மேல்’ என்றால் கோர்ட்டில் எல்லாருக்கும் மேல்முறையீடுதான் ஞாபகம் வரும்.

‘தொடர் தண்டனை’ என்றால் விடாமல் அடிப்பது போல் இருக்கிறது. ‘பின்தொடர் தண்டனை’ என்றால் பெண்ணைப் பின்தொடர்ந்த குற்றத்துக்கான தண்டனையா என்று கேட்பார்கள். ‘கூடுதல் தண்டனை’யை அபராதம் கட்டாதவர்களுக்குப் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. எனக்குப் பிடித்தது ‘அடுக்குத் தண்டனை’. என்ன சொல்கிறீர்கள்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

தம்பிக்கு, அடுக்கு வேண்டாம். எங்கள் வீட்டுப் பரணில் ஏழு பாத்திர அடுக்கு ஒன்று இருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்று. அது உன் ஏககாலம். டிபன் கேரியரும் அடுக்குதான், ஒன்றின்மேல் ஒன்று. நீ எந்த அடுக்கைச் சொல்கிறாய்?

முப்பது வருஷம் தமிழ் நடத்தியவள் சொல்கிறேன், சொல் கையிலேயே இருக்கிறது: அந்தாதி. ஒன்றன் அந்தம் அடுத்ததன் ஆதி. முதல் தண்டனை எங்கே முடிகிறதோ அங்கேயே இரண்டாவது தொடங்குகிறது. ‘அந்தாதித் தண்டனை’ என்று எழுது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

தருமபுரியிலிருந்து:

டீச்சர், அடுக்கை விட்டுவிட்டேன். அந்தாதியைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. அப்புறம்தான் மண்டலித்தல் ஞாபகம் வந்தது. அந்தாதி நூலில் கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தோடு போய்ச் சேருமே! அந்தக் கணக்கில் நம் ஆள் இரண்டாவதை முடித்ததும் மறுபடி முதல் தண்டனைக்குப் போக வேண்டிவரும். வெளியே வரவே மாட்டார். நீதிபதி ஒருவர் தமிழ் படித்தவராக இருந்தால் நான் செத்தேன்.

விளையாட்டு இருக்கட்டும். சொல்லில் தெரிய வேண்டியது வரிசையைவிடத் தொடங்கும் நாள் என்று எனக்குப் படுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 427ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 467 ஆகியிருக்கிறது. (அந்தச் சட்டத்தின் பெயருக்கே ஒரு கலைச்சொல் வேண்டும், அது வேறு இழை.) தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு வழக்கில் தண்டனை விழுந்தால், முந்தையது முடிந்த பிறகுதான் புதியது தொடங்கும். ஏககாலம் வேண்டுமென்றால் நீதிமன்றம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னாலேதான். ஆயுள் கைதிக்கு மட்டும் விலக்கு உண்டு. அவருக்கு அடுத்து விழுவது தானாகவே ஏககாலம். போதைப்பொருள் வழக்கில் ஏககாலச் சலுகையைத் தாராளமாகக் கொடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஆக, தீர்ப்பு மௌனமாக இருந்தால் நீளமான சிறை. நம் ஆட்களோ ஏககாலம் என்றே படித்துப் பழகியதால் மௌனத்தையும் ஏககாலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சொல் இல்லாத இடத்தில் குடும்பங்கள் தப்புக் கணக்குப் போடுகின்றன. என் ஆதங்கம் இதுதான்.

‘மொத்தத் தண்டனை’ என்று கூட்டிச் சொல்லிவிடலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கூடாது. போதைப்பொருள் சட்டத்தின் 32அ பிரிவு, அந்தச் சட்டத்தில் விதித்த தண்டனையில் கழிவு கொடுக்க விடாது. போதைப்பொருளை உட்கொண்டதற்கான 27ஆம் பிரிவுக்கு மட்டும் விலக்கு. நம் ஆள் முதல் தண்டனையில் நன்னடத்தைக்கு நாள் கழிவு வாங்கலாம். கஞ்சாவுக்கு விழுந்த 6 மாதத்தில் அது கிடையாது. இரண்டையும் ஒரு மூட்டையாகக் கட்டினால் எந்த நாள் கழியும், எது கழியாது என்று தெரியாமல் போகும்.

‘கூடுதல்’ என்ற சொல்லையும் எறிய வேண்டாம். 1894ஆம் ஆண்டுச் சிறைச்சட்டத்தின் 52ஆம் பிரிவில் அதற்கு வேலை இருக்கிறது. சிறை ஒழுங்கை மீறியதற்குக் கண்காணிப்பாளர் கொடுக்கும் தண்டனை போதாது என்றால் மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவார்கள். அவர் ஓராண்டு வரை போடலாம், அதுவும் ஏற்கெனவே உள்ளதற்குக் கூடுதலாக.

என் முடிவு ‘பின்தொடங்கு தண்டனை’. வினைத்தொகை, டீச்சருக்கும் ஆட்சேபம் இருக்காது. எழுதிப் பார்த்த வாக்கியம் (‘எதிரி’ என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்): “இந்த 6 மாதச் சிறைத் தண்டனை, எதிரி தற்போது அனுபவித்து வரும் தண்டனை முடிந்தபின் தொடங்கும் பின்தொடங்கு தண்டனையாகும்.” ‘தொடங்கும்’ இரண்டு முறை வந்து இடிக்கிறது. பழகும்வரை விளக்கமும் சொல்லும் சேர்ந்தே போகட்டும்.

நேற்று அந்த அம்மா மறுபடி வந்தார். வாசித்துக் காட்டினேன். கண்ணை இடுக்கிக் கேட்டுவிட்டு, “அப்போ மேலதான்” என்றார்.

டீச்சர், ‘மேல்’ என்பதை இன்னொரு முறை யோசிக்கலாமா?