ஹெகலும் ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும்

ஜெர்மன் தத்துவஞானி ஹெகலின் தர்க்க நூலை நான் முதலில் ஆங்கிலத்தில்தான் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'சப்லேட்' என்று ஒரு சொல் வந்து நிற்கும். லத்தீனிலிருந்து இழுத்து வந்தது. கடைத்தெருவில் எந்த ஆங்கிலேயர் வாயிலும் கேட்க முடியாது. ஏதோ பெரிய மந்திரம் என்று அடிக்கோடு போட்டுக்கொண்டே போனேன்.

அப்புறம் படிக்கப் போனது ஜெர்மனியில் டூபிங்கன், ஹெகலே படித்த ஊர். ஒரு ஞாயிறு வீட்டுக்காரப் பாட்டி ஆப்பிள் கேக் சுட்டார். நான் வெளியே கிளம்புவதைப் பார்த்து, உனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கிறேன் என்றார். அவர் சொன்ன வினை 'அவுஃப்ஹேபன்'. ஆங்கிலத்தில் 'சப்லேட்' ஆகியிருந்தது இந்தச் சொல்தான்! ஒரு கால் ஷூவுக்குள், ஒரு கால் வெளியே; அப்படியே நின்றுவிட்டேன்.

கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுப்பதும் அதே சொல், சட்டத்தை ரத்து செய்வதும் அதே சொல். தூக்குவது, பத்திரப்படுத்துவது, ஒழிப்பது, மூன்றும் ஹெகலுக்கு ஒரே நேரத்தில் வேண்டும். ஒரே சொல்லில் எதிரெதிர்ப் பொருள் கிடப்பதை அவரே அந்த நூலில் மகிழ்ந்து சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் பாவம். 'கேன்சல்' என்றால் ஒழிப்பது மட்டும் வரும், 'பிரிசர்வ்' என்றால் காப்பது மட்டும். அதனால்தான் யாரும் புழங்காத சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அடுப்படி வாசனை போய்விட்டது.

—

உங்களுக்கு ஹெகல் என்றால், என்னைப் படுத்தியது இன்னொரு ஜெர்மன் தத்துவஞானி கான்ட். 'இன்டியூஷன்' என்று வந்த இடமெல்லாம் உள்ளுணர்வு என்றே படித்து, பாதி செமஸ்டர் போய்விட்டது. புலன்கள் வழியாக வருவதைப் போய் உள்ளுணர்வு என்கிறாரே என்று குழம்பியதுதான் மிச்சம். ஜெர்மனில் அது 'அன்ஷாவுங்'. 'ஷாவன்' என்றால் பார்ப்பது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரிலும் பார்வைதான் இருக்கிறது, இன்றைக்கு அது யார் காதிலும் விழுவதில்லை.

—

எங்கள் வாசிப்பு வட்டத்தில் வேறு கூத்து. ஹெகலின் 1807 நூல். ஒருவர் கையில் பெய்லியின் 1910 மொழிபெயர்ப்பு, இன்னொருவர் கையில் மில்லரின் 1977 பதிப்பு. 'கைஸ்ட்' என்ற ஜெர்மன் சொல் முன்னதில் 'மைண்ட்', பின்னதில் 'ஸ்பிரிட்'. ஒருவர் மனதுக்காகவும் மற்றவர் ஆவிக்காகவும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள்.

அண்ணா, நீங்கள் எழுதிய அந்த கேக் விஷயம். நம்ம 'எடு' போதாதா? சாவியை எடு, கேக்கை எடுத்து வை, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடு. மூன்றும் வருகிறதே!

—

அட, எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. ஆனால் நமக்கு 'வை', 'விடு' என்று ஒரு வால் வேண்டியிருக்கிறது. வால் வந்ததுமே காப்பதா ஒழிப்பதா என்று தெரிந்துபோகும். ஹெகலுக்கு அது தெரிந்துபோகவே கூடாது. வால் இல்லாமல் சொல்ல வழி கிடைத்தால் எழுது.