பங்காளிகள் எல்லாருக்கும் ஒரே காலண்டர்: எங்கள் வீட்டு அனுபவமும் மற்றவர்கள் சொன்னதும்

காரைக்குடியிலிருந்து:

ஊர் வீடு பொதுவில் இருக்கிற குடும்பங்களுக்குத் தேதிதான் பெரிய பிரச்சினை. எங்கள் வீடு கோனாபட்டில் இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் பொது. அறைகளை மட்டும் பங்காளிகள் ஆளுக்கொன்றாகப் பூட்டி வைத்திருக்கிறோம். ஆட்கள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், டாலஸ் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் சாந்திக்கு (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்) வீட்டைக் கேட்பார், இன்னொருவர் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வருவார், நடுவில் சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்கு வாடகைக்குக் கேட்பார்கள். எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பேசி முடிவாகும், மறுநாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) சாந்தி வைத்திருந்த வாரத்தில் ஒரு படக்கம்பெனி லாரியில் விளக்கும் வயரும் கொண்டுவந்து முகப்பில் இறக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் பொதுக் காலண்டருக்குச் சம்மதித்தார்கள். இதே சிக்கலில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கினோம். யாருடைய சொந்தக் கணக்கிலும் வைக்கவில்லை. அவர் கடவுச்சொல்லை மறந்தாலோ, நாளைக்கு மனத்தாங்கல் வந்தாலோ, காலண்டர் அவரோடு போய்விடக் கூடாது. அந்தக் கணக்கில் கம்ப்யூட்டரில் கூகுள் கேலண்டரைத் திறந்தால் இடது பக்கம் ‘அதர் கேலண்டர்ஸ்’ என்று இருக்கும். பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்திப் புதிய காலண்டர் உருவாக்கலாம். நாங்கள் இரண்டு உருவாக்கினோம். ஒன்று ‘கோனாபட்டு வீடு’, மற்றது ‘திதியும் நோன்பும்’. முதலாவதில் எந்தப் பங்காளியும் எழுதலாம். இரண்டாவதில் ஒருவர் மட்டும்தான் எழுதுவது, மற்றவர்கள் பார்க்க மட்டும். பகிரும் இடத்தில் நான்கு படிகள் இருக்கின்றன: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் பார்ப்பது, முழு விவரமும் பார்ப்பது, திருத்துவது, திருத்துவதோடு மற்றவர்களுக்கும் பகிர்வது. கடைசிப் படியை வீட்டுக்கு இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பகிர்ந்ததும் அவரவர் மின்னஞ்சலுக்கு ஓர் அழைப்பு போகும். அதில் உள்ள இணைப்பை அழுத்தினால்தான் காலண்டர் அவர்கள் பட்டியலில் சேரும். பெரியவர்கள் மின்னஞ்சலைத் திறப்பதே அபூர்வம். ஒவ்வொருவரையும் வீடியோவில் கூப்பிட்டு, கூடவே இருந்து அழுத்த வைத்தேன். வேலையில் பாதி இதுதான்.

இப்போது முக்கியமான இடம். காலண்டர் எல்லார் போனிலும் வந்த பிறகும் கோயம்புத்தூர் அண்ணன் போட்ட தேதி எங்களுக்குத் தெரியவில்லை. “நான் போட்டுட்டேனேப்பா, இந்தா பாரு” என்று போனைத் திருப்பிக் காட்டினார். அவர் போனில் அழகாக இருக்கிறது, வேறு யார் போனிலும் இல்லை. சிங்க், அதாவது ஒரு போனில் போட்டது மற்ற போன்களுக்கும் தானாகப் போவது, வேலை செய்யவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பதிவைத் திறந்து கீழே வரை தள்ளிப் பார்த்தால், சின்ன எழுத்தில் ‘மை கேலண்டர்’ என்று ஒரு வரி. போனோடு வந்த காலண்டர் செயலி பதிவைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. எந்தக் கணக்குக்கும் போகாத பதிவு எங்கே போய் சிங்க் ஆகும்? அந்த வரியைத் தொட்டால் காலண்டர்களின் பட்டியல் வரும், அதில் ‘கோனாபட்டு வீடு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கூகுளின் சொந்தச் செயலியிலும் புதுப் பதிவு முதலில் உங்கள் தனிக் காலண்டருக்குத்தான் போகும், அங்கேயும் பெயரைத் தொட்டு மாற்ற வேண்டும். சிங்க் ஆகவில்லை என்று எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் முடிந்தன. அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: தேதியை எழுதுவதற்கு முன்னால் அது எந்தக் காலண்டரில் விழுகிறது என்று பாருங்கள்.

நினைவூட்டல் பற்றியும் ஒன்று. பொதுக் காலண்டரில் நான் வைக்கிற நினைவூட்டல் என் போனில் மட்டும்தான் அடிக்கும். அவரவர் தன் போனில் அந்தக் காலண்டருக்குத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அயித்தை வீட்டில் இது தெரியாமல், எனக்கு ஏன் மணி அடிக்கவில்லை என்று வருத்தப்பட்டார்கள். வருத்தம் நியாயமானது, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

திதிக் காலண்டரில் ‘ஆண்டுதோறும்’ என்ற பொத்தானைத் தொடவே கூடாது. அது இங்கிலீஷ் தேதியைத்தான் திருப்பிப் போடும். தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்று. இந்திய விடுமுறைப் பட்டியலை காலண்டரில் சேர்த்துக்கொண்டால் தீபாவளி கிடைக்கும், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிற நாள் கிடைக்காது. திவசமும் அப்படித்தான், தமிழ் மாதமும் திதியும் பார்த்து ஒவ்வொரு வருஷமும் கையால் போட வேண்டும். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் நானும் அப்பத்தாவும் வளவில் உட்கார்ந்துவிடுவோம். அப்பத்தா விரலை வரியில் வைத்து நகர்த்திக்கொண்டே, “ஆவணி, வளர்பிறை தசமி, உங்க ஐயாவுக்கு. போட்டுக்க” என்பார்கள். திதி இரண்டு நாளில் பரவிக் கிடந்தால் எந்த நாளை எடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். எங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம்தான். நான் அதை ‘முழு நாள்’ பதிவாகப் போடுகிறேன். முழு நாள் பதிவுக்கு நேர மண்டலம் கிடையாது, எந்த நாட்டில் திறந்தாலும் அதே தேதியில் நிற்கும். மணி போட்டு வைத்தால் டாலஸில் முந்தின நாளுக்குப் போய்விடக்கூடும்.

கானாடுகாத்தானிலிருந்து:

தம்பி எழுதியது குடும்பத்துக்கு. நான் பரம்பரை வீட்டில் சில அறைகளை விருந்தினருக்கு விடுகிறேன். அந்தக் கதை வேறு.

அறைகள் இரண்டு முன்பதிவுத் தளங்களில் இருக்கின்றன, போனிலும் ஆட்கள் கேட்பார்கள். ஒவ்வொரு தளமும் ஓர் ஐகால் முகவரி தரும், அதன் காலண்டரை மற்ற இடங்கள் படிக்க உதவும் இணைப்பு அது. ஒன்றின் முகவரியை மற்றொன்றில் ஒட்டினால் இங்கே நிரம்பிய நாள் அங்கே மூடிக்கொள்ளும் என்றார்கள். மூடிக்கொள்ளும், ஆனால் உடனே இல்லை. அந்த முகவரியை அந்தப் பக்கம் எப்போது வந்து படிக்கிறதோ அப்போதுதான். கூகுள் கேலண்டரில் இப்படி முகவரி மூலம் சேர்த்தால் மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரைகூட ஆகலாம். மார்கழி விடுமுறையில் ஒரே அறைக்கு ஒரே ராத்திரி இரண்டு குடும்பம் வந்து நின்றது. ஒரு தளத்தில் காலையில் பதிவானது மற்றதில் சாயங்காலம் வரை காலியாகவே தெரிந்திருக்கிறது. வந்தவர்கள் நல்லவர்கள், ஒரு குடும்பத்தைத் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். குழந்தையோடு ராத்திரியில் திரும்பவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்களே என்று இன்னமும் மனசு கேட்கவில்லை.

இப்போது கூட்டமான மாதங்களில் ஒரு பதிவு வந்த உடனே மற்ற தளத்துக்குள் போய் அந்த நாளைக் கையாலேயே மூடிவிடுகிறேன். தானாக நடப்பதை மற்ற மாதங்களுக்கு விட்டிருக்கிறேன்.

இன்னொன்று. என் மருமகள் அந்த முகவரியைத் திறந்து, கோப்பை இறக்கி, கூகுளில் ‘இம்போர்ட்’ செய்தாள். எல்லாப் பதிவும் வந்தது, அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. இம்போர்ட் என்பது அந்த நேரத்து நகல், அவ்வளவுதான். தொடர்ந்து வர வேண்டுமென்றால் ‘ஃப்ரம் யூஆர்எல்’ என்ற இடத்தில் முகவரியையே கொடுக்க வேண்டும். கூகுள் கேலண்டரும் இப்படி ஒரு ரகசிய முகவரி தரும். இந்த முகவரிகளைக் குழுக்களில் போடாதீர்கள், யார் கையில் கிடைத்தாலும் உங்கள் வீட்டுக்கு யார் எப்போது வருகிறார்கள் என்று படிக்கலாம். கூகுள் தந்த முகவரி வெளியே போய்விட்டால் அதன் செட்டிங்ஸில் ரீசெட் செய்து புது முகவரி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து:

நானும் கோனாபட்டு வீட்டுப் பங்காளிதான். ஐபோன் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐபோனின் சொந்தக் காலண்டரில் கூகுள் கணக்கைச் சேர்த்தேன். என் பதிவுகள் வந்தன, வீட்டுக் காலண்டர் வரவில்லை. கூகுள் கேலண்டரில் ‘சிங்க்செலக்ட்’ என்று ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. பகிரப்பட்ட காலண்டர்களை அங்கே டிக் செய்து சேமித்தால்தான் ஐபோனுக்கு வரும். உலாவியில் அந்தப் பெயரோடு கூகுள் கேலண்டர் என்று தேடினால் கிடைக்கும். பிறகு, கூகுள் பதிவுகள் ஐபோனின் காலண்டருக்கு உடனுக்குடன் வராது, குறிப்பிட்ட இடைவெளியில் போய் எடுத்துவரும். ‘ஃபெட்ச்’ என்ற இடத்தில் 15 நிமிடம் என்று வைத்தேன். அவசரம் என்றால் கூகுள் கேலண்டர் செயலியையே போட்டுக்கொள்வது நல்லது, என் வீட்டில் ஆச்சி அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நேரம் பற்றி ஒரு விஷயம். பங்காளிகள் கூட்டம் வாராவாரம் இந்திய நேரம் இரவு 8.30-க்கு, எங்களுக்கு இரவு 11. டாலஸ் தம்பிதான் பதிவை உருவாக்கினான், அவனுக்குக் காலை 10 மணி. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பினார்கள். அவன் பதிவு அவனுடைய 10 மணியிலேயே நின்றது, காரைக்குடியில் 9.30 ஆகிவிட்டது, எங்களுக்கு நள்ளிரவு 12. பெரியப்பச்சி 8.30-க்கே போனை வைத்துக்கொண்டு தனியாகக் காத்திருந்தார்கள். பதிவின் நேரத்துக்குக் கீழே நேர மண்டலம் மாற்றும் இடம் இருக்கிறது. அதில் இந்திய நேரம் என்று வைத்ததும் சரியானது. குளிர்காலத்தில் டாலஸ் தம்பி 9 மணிக்கு வருகிறான். ஊர்ப் பெரியவர்களின் நேரம்தான் அசையாமல் இருக்க வேண்டும்.

கண்டனூரிலிருந்து:

வணக்கம் அண்ணே. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். முகூர்த்த நாளில் மூன்று இடத்தில் கேட்பார்கள், டைரி ஒன்றுதான், அது வீட்டில் இருக்கும், நான் பந்தியில் நிற்பேன். இப்போது எனக்கும் மகனுக்கும் ஒரே காலண்டர். தலைப்பிலேயே ‘400 இலை, காலை மதியம், தேவகோட்டை’ என்று போட்டுவிடுவோம். பட்டியல் முழுக்கக் குறிப்பு இடத்தில். சில கிராமத்தில் சிக்னல் கிடைக்காது, அப்போதும் எழுதலாம், சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேரும். மகன் போனில் மட்டும் வராமலே இருந்தது. பேட்டரி மிச்சப்படுத்துகிற வசதி போட்டிருந்தான், அது பின்னணியில் சிங்க் ஆவதை நிறுத்தி வைத்திருந்தது. கணக்குகள் பகுதியில் ‘கேலண்டர்’ பக்கத்துப் பொத்தானும் அணைந்திருந்தது. இரண்டையும் சரி செய்ததும் வர ஆரம்பித்தது. டைரியை விடவில்லை, அட்வான்ஸ் வாங்கினால் இரண்டிலும் எழுதுகிறேன்.

மறுபடி காரைக்குடியிலிருந்து:

கண்டனூர் தம்பி சொன்ன பேட்டரி விஷயம் எனக்குப் புதுசு, அயித்தை போனிலும் போய்ப் பார்க்கிறேன்.

யாராவது தெரியாமல் ஒரு பதிவை அழித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் பல்சக்கரக் குறியை அழுத்தினால் ‘டிராஷ்’ என்று வரும், சுமார் 30 நாள் வரை அங்கே கிடக்கும். திருத்தும் உரிமை உள்ளவர் அதைத் திரும்ப எடுத்துப் போடலாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன உரிமை கொடுப்பது என்று கானாடுகாத்தான் ஆச்சி கேட்டார்கள். நாங்கள் முழு விவரமும் பார்க்கிற உரிமை கொடுத்திருக்கிறோம், திருத்துவது இல்லை. காலியா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் அவருக்குப் போதாது. யார் வருகிறார்கள், எத்தனை பேர், எந்த அறையைத் திறந்து கூட்டிவைக்க வேண்டும், கிணற்று மோட்டார் போட வேண்டுமா என்று அவர் பார்க்க வேண்டும். அதனால் பதிவில் அறை, ஆள் எண்ணிக்கை, ரயில் வந்து சேரும் நேரம் மூன்றும் கட்டாயம் என்று வைத்திருக்கிறோம். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, எனவே எல்லாரும் தமிழில்தான் எழுதுகிறோம், டாலஸ் தம்பி உட்பட. திதிக் காலண்டரை அவருக்கும் பகிர்ந்திருக்கிறேன், படைப்புக்கு முந்தின வாரமே வாழை இலைக்குச் சொல்லிவைக்கிறார்.