தூக்கிப் போட்ட ரேலி சைக்கிள், 40 வெள்ளி (ரிங்கிட்), ஆறு மாச தலைவலி

இந்த குரூப்புல எல்லாரும் அவங்கவங்க பழைய சைக்கிள் கதைய போட்டுட்டீங்க, என் பங்குக்கு நானும் எழுதுறேன். நான் மலேசியா, பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட். போன வருஷம் கெட்டுப்போன வாஷிங் மெஷின தள்ளி விடலாம்னு பழைய இரும்பு கடைக்கு போனேன், அங்க தராசு பக்கத்துல ஒரு சைக்கிள் சாஞ்சு கெடந்துச்சு, டயர் இல்ல, சீட் கவர் இல்ல, ஆனா முன்னாடி கழுத்துல அந்த கொக்கு தல பேட்ஜ் மட்டும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. ரேலி, இங்கிலீஷ் கம்பெனி சைக்கிள்! தவுக்கேகிட்ட, அதான் கடை மொதலாளிகிட்ட கேட்டா கிலோ கணக்கே பேசல, 40 வெள்ளின்னு ஒரே பேச்சு, அவனுக்கும் தெரியும் லா.

வீட்டுக்கு வந்து பின் சக்கரத்து ஹப்ப, அதான் நடு உருளைய, மண்ணெண்ண போட்டு தொடச்சேன். ஸ்டர்மி ஆர்ச்சர்னு ஹப்பு செஞ்ச கம்பெனி பேரு, பக்கத்துல 56, அப்பறம் 8. அதாவது 1956 ஆகஸ்டு. மெர்டேக்காவுக்கு (நாட்டு சுதந்திரம்) ஒரு வருஷம் முந்தி செஞ்ச ஹப்பு. அந்த நம்பர பாத்த பிறகுதான் பைத்தியம் முத்துச்சு.

என் பிளான் என்னான்னா, அப்படியே பழசாக்கி வைக்கிறது இல்ல, அந்த காலத்து ரேஸ் சைக்கிள் மாதிரி ஆக்கணும். ஹேண்டில் பார கவுத்து போட்டு, மட்கார்டு கழட்டி, இரும்பு கம்பியால இழுக்கற கம்பி பிரேக்க தூக்கி கடாசிட்டு கேபிள் பிரேக். யூடியூப்ல பாக்க ஈஸியாதான் இருந்துச்சு.

பிரேக்குலதான் மாட்டுனேன். கம்பி பிரேக்குல ரப்பர் கட்டை ரிம்மோட உள்பக்கத்துல போய் பிடிக்கும், அதுக்குன்னே செஞ்ச வெஸ்ட்வுட் ரிம் அது, சைடு ரெண்டும் உருண்டையா இருக்கும். கேபிள் பிரேக்குக்கு சைடு தட்டையா வேணும். இது தெரியாம மாட்டிட்டு தோட்டத்து கோயில் எறக்கத்துல விட்டேன் பாருங்க, ரெண்டு கையாலயும் அமுக்குறேன், அது பாட்டுக்கு போவுது, கீழ சிம்பாங்ல (முச்சந்தி) செம்பனை லோரி வருது, வேற வழி இல்லாம லோங்காங்ல (சாக்கடை) இறக்கிட்டேன். முட்டி ரெண்டும் காலி, மானம் தனி.

சரி பெடல பின்னால மிதிக்கிற பிரேக் ஹப் போடலாம்னு வாங்குனா அதுல ஸ்போக்ஸ் மாட்டுற ஓட்டை 36, என் பின் ரிம்ல 40. பழைய இங்கிலீஷ் சைக்கிள்ல முன்னாடி 32, பின்னாடி 40 தானாம். அதோட விட்டேனா, பெடல் அச்சுக்கு, பால்ஸ் உக்கார்ற புது கப் வாங்கி ஸ்பேனர் வச்சு முறுக்குனேன், பாதியில இறுகிடுச்சு. பாசார் (மார்க்கெட்) பக்கத்து சைக்கிள் கடை அங்கிள், சீனரு, எட்டிப் பாத்துட்டு "ஜங்கான் பாக்சா"ன்னாரு, பலவந்தம் பண்ணாதன்னு அர்த்தம். மத்த சைக்கிள்ல இஞ்ச்சுக்கு 24 மரை, ரேலில 26, பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும். இன்னும் ஒரு சுத்து முறுக்கியிருந்தா பிரேமே போயிருக்கும். பழைய கப்பையே கழுவி, புது பால்ஸ் போட்டு மாட்டிக் குடுத்தாரு, 15 வெள்ளிதான் வாங்குனாரு.

ஒரு நாள் சீட் கம்பிய உருவிட்டு பிரேம தலைகீழா புடிச்சு தட்டிக்கிட்டு இருந்தேன், துரு தூள் கொட்டுது. திண்ணையில இருந்த பாட்டி, 80 தாண்டிடுச்சு அதுக்கு, "என்னாடா, அரிசி தேடுறியா?"ன்னு சிரிக்குது. புரியல. வெள்ளக்காரன் காட்டுல இருந்த கம்யூனிஸ்ட்டுங்களோட சண்ட போட்ட அந்த அவசர காலத்துல தோட்டத்து கேட்ல சோல்ஜர் நிறுத்தி சீட்ட கழட்ட சொல்லுவானாம், பைப்புக்குள்ள கம்பி விட்டு குத்துவானாம், காத்தடிக்கிற பம்ப கூட பிரிப்பானாம், காட்டுல இருக்கறவங்களுக்கு அரிசி போவுதான்னு. பாட்டியோட அப்பா ரப்பர் மரத்துல பால் வெட்ட போவும்போது தெனமும் இதே கூத்துதான். சொல்லிட்டு பாட்டி அந்த பைப்புல ஒரு கண்ண வச்சு பாத்துச்சு, "ஒண்ணும் இல்ல, போ"ன்னுச்சு.

கடைசியா கம்பி பிரேக்கே திரும்ப வந்துடுச்சு, அது இருந்தா ஹேண்டில கவுக்க முடியாது, அதனால அதுவும் நேராயிடுச்சு. நான் செஞ்ச கஸ்டம்னு பாத்தா தோல் சீட்டும், கெரியர்ல ரப்பர் மரப் பலகையில அடிச்ச பெட்டியும்தான். மொத்தம் 600 வெள்ளி கிட்ட போயிருக்கும், வூட்ல 300ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

பாகான் செராய் தம்பி: அண்ணே, பெயிண்ட் என்னா செஞ்சீங்க? எங்கப்பாவோட ஹம்பர் சைக்கிள், முன்னாடி ரெட்டை குழாய் போர்க் வச்சது, சின்ன வயசுல ஆர்வக்கோளாறுல கறுப்பு ஸ்ப்ரே அடிச்சு தங்க கோட்ட எல்லாம் மறைச்சுட்டேன். அப்பா ஒண்ணுமே சொல்லல, ஆனா அதுக்கு அப்பறம் அதுல ஏறவே இல்ல. இப்ப பெடல் கட்டை (கிராங்க்) ஆடுது, அத அச்சோட இறுக்கி வைக்கிற காட்டர் பின் கழட்ட வரல.

சுங்கை சிப்புட்: பெயிண்ட்ல கை வைக்கல தம்பி, சிட்ரிக் ஆசிட்ல நட்டு போல்ட்ட மட்டும் ஊற வச்சேன், குரோம அலுமினிய தாள் தண்ணில நனைச்சு தேச்சேன். காட்டர் பின்னுக்கு, நட்ட முழுசா கழட்டாதீங்க, பின் நுனியோட சமமா இருக்கட்டும், மரை நசுங்காது. ராத்திரி எண்ண விட்டு ஊற விடுங்க, காலைல கட்டைக்கு அடியில இரும்பு பைப் முட்டு குடுத்து ஒரே அடி. பயந்து பயந்து தட்டுனீங்க, வளஞ்சுக்கும், அப்பறம் டிரில்தான். எனக்கு ரெண்டுல ஒண்ணு டிரில்.